கரகரப்புக்கு இரண்டு மதிப்பெண்

சேலத்தில் ஏற்காடு பேருந்து ஏறி, அஸ்தம்பட்டியைத் தாண்டி அடிவாரம் நோக்கிப் போகும்போது சாலையோரத்தில் ஒரு வளைவு தெரியும். மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவாயில் அது. உள்ளே இருந்த படப்பிடிப்புத் தளங்கள் போய்விட்டன, வளைவு மட்டும் நிற்கிறது. டி.ஆர்.சுந்தரம் 1930களின் நடுவில் தொடங்கிய நிறுவனம். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் இவர்கள் எடுத்ததுதான். 1956இல் தமிழுக்கு முதல் முழுநீள வண்ணப்படமாக வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படமும் இவர்களுடையதே.

சுற்றுலா வருகிறவர்கள் வளைவைப் படம் பிடித்துக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறப் போய்விடுவார்கள். எனக்கு அந்த இடம் வேறொரு காரணத்துக்காக முக்கியம். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். ஏற்காட்டில் பிறந்து, மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்தில் படித்து, மறுபடியும் இந்த மலைக்கே வேலைக்கு வந்தவள். பிறருடைய குரலைக் கேட்டு மதிப்பிடுவது என் தொழில். தமிழ்நாடு மிக அதிகமாகக் கேட்ட இரண்டு குரல்கள், ஊரறியும் முன்பு, இந்த வளைவுக்குள் வேலை பார்த்திருக்கின்றன.

1950இல் வந்த ‘மந்திரி குமாரி’ மாடர்ன் தியேட்டர்ஸ் படம். கதாநாயகன் எம்.ஜி.ஆர். வசனம் மு.கருணாநிதி. இருவரும் பிற்பாடு முதலமைச்சர்கள் ஆனார்கள். இருவருடைய குரலும், என் மதிப்பீட்டுப் படிவத்தை முன்னால் வைத்துப் பார்த்தால், குறையுள்ள குரல்கள்.

கருணாநிதியின் குரலைப் பற்றிப் பத்திரிகைகளும் தொண்டர்களும் வழக்கமாகச் சொன்னதே ‘கரகரத்த குரல்’ என்றுதான். அவர் பெயரை மறைத்து, பதிவை மட்டும் கொடுத்து மதிப்பெண் போடச் சொன்னால் கரகரப்புக்கு 2 போடுவேன். அதற்கு மேல் ஒரே ஒரு படிதான் இருக்கிறது. எம்.ஜி.ஆர். விஷயம் இன்னும் கடினம். 1967 ஜனவரி 12 அன்று நடிகர் எம்.ஆர்.ராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், பேச்சு பழையபடி திரும்பவில்லை. சொற்கள் மழுங்கின. அதே ஆண்டு வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் மாறிய குரலிலேயே பேசினார். அதற்குப் பிறகும் பத்து ஆண்டுகள் கதாநாயகனாக நடித்தார். 1977இல் ஆட்சிக்கு வந்தார். 1984இல் பக்கவாதம் வந்து, நியூயார்க்கின் புரூக்ளினில் சிகிச்சையில் இருந்தபடியே தேர்தலில் ஜெயித்தார். பேச்சு மேலும் தளர்ந்திருந்தது. மக்கள் அதையும் காது கொடுத்துக் கேட்டார்கள்.

வசனத்தை உயிராக நினைத்த ஒரு சினிமா, சொல்லழகை அரசியலாக்கிய ஒரு காலம். அப்படிப்பட்ட மண்ணில் இந்த இரண்டு குரல்களும் தோற்கவில்லை. என் வகுப்பில் மாணவர்களிடம் நான் முதலில் எழுப்பும் கேள்வியே இதுதான்: படிவம் குறை என்று சொல்வதை ஊர் ஏன் குறையாகக் கேட்கவில்லை?

படிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1981இல் எழுதிய நூலின் வழியாக உலகம் முழுக்கப் பரவிய முறை அது. ஐந்து கட்டங்கள். மொத்தத்தில் குரல் எவ்வளவு கெட்டிருக்கிறது, எவ்வளவு கரகரப்பு, எவ்வளவு காற்று கலந்து வருகிறது, எவ்வளவு வலுவிழந்திருக்கிறது, எவ்வளவு இறுக்கம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. இவ்வளவுதான். குரல்வளையில் உள்ள இரண்டு மடிப்புகள் ஆணுக்கு வினாடிக்குச் சுமார் 100 முதல் 130 முறை, பெண்ணுக்கு 200 முறைக்குச் சற்றே மேல் அதிர்ந்து மூடித் திறக்கின்றன. சரியாக மூடாமல் இடைவெளி விட்டால் காற்று கலந்த குரல் வரும். மடிப்பில் சின்னக் காய்ப்பு விழுந்தால் அதிர்வு தாறுமாறாகிக் கரகரக்கும். கம்ப்யூட்டரில் இந்த ஒழுங்கின்மையை அளக்க முடியும், நாங்களும் அளக்கிறோம். ஆனால் இறுதித் தீர்ப்பை இன்றும் காதுதான் சொல்கிறது.

காது என்றால் யாருடைய காது? இங்கேதான் சிக்கல். ஜோடி கிரைமன், புரூஸ் ஜெராட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் குரல் மதிப்பீட்டை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்கள். 1993இல் சகாக்களோடு எழுதிய கட்டுரையில் அவர்கள் சொன்னது எங்கள் தொழிலையே உலுக்கியது. அனுபவம் மிக்கவர்கள்கூட ஒரே பதிவைக் கேட்டு வெவ்வேறு மதிப்பெண் போடுகிறார்கள். ஏனென்றால் ஒவ்வொருவருக்குள்ளும் தனித்தனி அளவுகோல் இருக்கிறது, அது அவரவர் இதுவரை கேட்ட குரல்களால் ஆனது. நாள் முழுக்கத் தொண்டைப் புற்றுநோயாளிகளின் குரலைக் கேட்ட மருத்துவருக்குச் சாயங்காலம் வரும் லேசான கரகரப்பு நல்ல குரலாகவே கேட்கும். பாட்டு வாத்தியாருக்கு அதே குரல் பெருங்குறை.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. எங்கள் மலையில் காபி 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் வந்தது. காபியின் தரத்தை இன்றும் மனித நாக்குதான் முடிவு செய்கிறது. தேர்ந்த சுவைப்பாளர்கள் உட்காருவதற்கு முன், எல்லாரும் ஒரே மாதிரிக் காபியை ருசித்து, ‘இதற்கு இவ்வளவு’ என்று ஒத்துக்கொண்டு அதன் பிறகுதான் மற்றவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். குரலுக்கும் அப்படியே செய்யலாம். முன்கூட்டியே ஒத்துக்கொண்ட மாதிரிக் குரல்களைக் கேட்கவைத்துவிட்டு மதிப்பிடச் சொன்னால் மதிப்பெண்கள் நெருங்கி வருகின்றன. நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். ஆனால் வெளியே, தெருவில், அலுவலகத்தில், பள்ளியில் யாரும் மாதிரியைக் கேட்டுவிட்டு அடுத்தவர் குரலை எடை போடுவதில்லை.

ஒரு காலத்தின் அளவுகோலே மாறிப்போவதும் உண்டு. மைக் இல்லாத நாடக மேடையில் கடைசி வரிசை வரை போய்ச் சேருவதுதான் நல்ல குரல். எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தராம்பாளும் உச்ச சுருதியில் பாடிப் பெயரெடுத்த காலம் அது. பாடகரின் தகுதியை ‘எத்தனை கட்டை’ என்று கேட்டே அளந்தார்கள். 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்துக்கு சுந்தராம்பாளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டது, அந்தக் குரலின் விலை. பிறகு மைக் பாடகரின் வாய்க்கு அருகே வந்தது. ஏ.எம்.ராஜாவும் பி.பி.ஸ்ரீனிவாஸும் காதோடு பேசுவதுபோலப் பாடினார்கள். பழைய கொட்டகையில் நாலாவது வரிசையைக்கூடத் தாண்டியிருக்காத அந்த மென்மை, பெரும் ரசிகர் கூட்டத்தைப் பெற்றது. மனிதத் தொண்டை அப்படியேதான் இருந்தது. நடுவில் வந்த கருவி ரசனையைத் திருப்பிவிட்டது.

மாடர்ன் தியேட்டர்ஸ் கதையில் எனக்குப் பிடித்த இன்னொரு மனிதர் எல்லிஸ் ஆர்.டங்கன். அமெரிக்காவின் ஓஹையோக்காரர். ‘மந்திரி குமாரி’யை சுந்தரத்தோடு சேர்ந்து இயக்கியவர், அதே ஆண்டில் ‘பொன்முடி’யையும் இங்கே இயக்கினார். தமிழ் தெரியாது. பொருளை உதவியாளர்கள் சொல்லிக் கொடுக்க, தமிழ் வசனம் பேசும் நடிகர்களை அவர் இயக்கினார். சொல் புரியாத ஒருவருக்கும் குரலின் கோபம், தயக்கம், நடிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம் கேட்கிறது. ஏற்ற இறக்கத்தில், வேகத்தில், நிறுத்தத்தில் அவ்வளவு செய்தி இருக்கிறது. சொல் புரியாவிட்டாலும் ஆளை எடை போட்டுவிடுகிறோம். டங்கனுக்கு அது வரமாக இருந்தது. எங்கள் மலை மக்களுக்கு அதுவே பல நாள் வினையாகிவிடுகிறது.

சேர்வராயன் மலையில் மலையாளி என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். கேரளத்து மலையாளிகள் அல்லர், தமிழைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் இவர்களுடையது. காஞ்சிபுரத்தில் இருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு 67 கிராமத்து ஜனங்களும் கூடுவார்கள் என்பது இங்கே பேச்சு வழக்கு; அந்தக் கூட்டத்தில் நின்று கேட்டால் அவர்கள் தமிழின் ராகம் தனியாகத் தெரியும். சமவெளித் தமிழைவிட நீட்டல் வேறு, நிறுத்தம் வேறு. சிறுவயதிலிருந்தே பழகிய என் காதுக்கு அது இதமான தமிழ்.

அவர்கள் ஊர்களுக்கு போன் வந்த பிறகு நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பல கிராமங்களில் சிக்னல் வீட்டுக்குள் கிடைக்காது. ஒரு மேடு, ஒரு பாறை, ஒரு சில்வர் ஓக் மரத்தடி என்று இடம் வைத்திருப்பார்கள். நாகலூர்ப் பக்கத்தில் அப்படி ஒரு மேட்டில் நின்று, ஒரு அம்மா கீழே சமவெளியில் இருந்த ஓர் அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். மகளின் பேறுகால உதவித்தொகை பற்றிய விசாரிப்பு. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எதிர்முனை எனக்கும் கேட்டது.

“என்னம்மா, கேக்கறதுக்குப் பதில் சொல்லாம நிக்கறீங்க?”

அந்த அம்மா பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். அது போய்ச் சேரத் தாமதமானது. சேர்ந்த நேரத்தில் எதிர்முனை அடுத்த கேள்விக்குப் போயிருந்தது. இரண்டு குரலும் மோதின. கொஞ்ச நேரத்தில் அங்கே பக்கத்து மேசையிடம் சொல்வது கேட்டது: “இந்தம்மாவுக்கு எதுவும் புரிய மாட்டேங்குதுங்க.”

போனை வைத்துவிட்டு அந்த அம்மா என்னிடம் கேட்டார். “நான் சொல்றது அவங்களுக்குக் கேக்கலையா மேடம், இல்ல கேட்டும் கேக்காத மாதிரி இருக்கறாங்களா?”

கீழே இருந்தவர் மேலே இருந்தவரை மந்தம் என்று நினைத்தார். மேலே இருந்தவர் கீழே இருந்தவரைத் திமிர் என்று நினைத்தார். இருவருக்கும் நடுவில் இருந்த கம்பியில்லா வழிதான் குற்றவாளி. அதை இருவரில் ஒருவரும் சந்தேகிக்கவில்லை.

இது அந்த இரண்டு பேரின் குணம் சார்ந்த விஷயமே கிடையாது. மனிதக் காதின் இயல்பு. நேருக்கு நேர் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க எடுக்கும் இடைவெளி மிகக் குறைவு. 2009இல் உலகின் பத்து மொழிகளில் அளந்து பார்த்ததில், சராசரியாக வினாடியில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டி வந்தது. அதைவிட நீண்டால் ‘யோசிக்கிறார்’, ‘விருப்பமில்லை’, ‘மழுப்புகிறார்’ என்று மனம் அர்த்தம் பண்ணிவிடும். போன் வழியில் குரல் ஒரு திசையில் போகும் தாமதம் வினாடியின் ஆயிரத்தில் 150 பங்குக்குள் இருப்பதே நல்லது என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைக்கிறது. அதைத் தாண்டினால் என்ன ஆகும் என்று ஜெர்மனியில் கத்ரின் ஷோனென்பெர்க்கும் சகாக்களும் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார்கள். வழியில் வேண்டுமென்றே தாமதத்தைச் சேர்த்துப் பேசவைத்தார்கள். பேசியவர்கள் தாமதத்தை வழியின் கோளாறாக எண்ணாமல், எதிரில் இருப்பவருக்குக் கவனம் போதாது என்று மதிப்பிட்டார்கள். நாகலூர் மேட்டில் நான் பார்த்தது அதைத்தான்.

தாமதம் இல்லாவிட்டாலும் போன் குரலைச் செதுக்கிவிட்டுத்தான் அனுப்புகிறது. பழைய போன் முறை வினாடிக்கு 300 அதிர்வுக்குக் கீழே உள்ளதையும் 3,400க்கு மேலே உள்ளதையும் வெட்டிவிடும். ஆணின் குரல்மடிப்பு 120 முறை அதிர்கிறது என்றால், அந்த அடிப்படை ஒலி போனில் கிடையவே கிடையாது. ஆனாலும் அப்பாவின் கட்டைக் குரல் நமக்குக் கட்டையாகவே கேட்கிறது. மேலே மிஞ்சியிருக்கும் ஒலிகளின் வரிசையை வைத்து, இல்லாத அடியை மூளை தானே போட்டுக்கொள்கிறது. மேல்பக்கத்தில் வெட்டியதை அப்படி மீட்க முடியாது. ஸகர ஒலியின் சீறல் பெரும்பாலும் 4,000 அதிர்வுக்கு மேலே இருப்பது, அது போய்விடுகிறது. புதிய 4ஜி அழைப்பில் 7,000 வரை கிடைப்பதால்தான் ‘பக்கத்தில் இருந்து பேசற மாதிரி இருக்கு’ என்கிறோம். செல்போன் குரலை வினாடியில் ஐம்பதில் ஒரு பங்குத் துண்டுகளாக நறுக்கி அனுப்புகிறது. மலைச்சரிவில் சில துண்டுகள் தொலையும். தொலைந்த இடத்தில் முந்தைய துண்டையே கொஞ்சம் நீட்டிப் போட்டு போன் சமாளிக்கும். குரல் ரோபோ மாதிரி இழுப்பது அதனால்தான். அறுபதா எழுபதா என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டிவருவதும் அதனால்தான்.

நிறுவனங்கள் போன் குரலின் தரத்தை எப்படி அளக்கின்றன தெரியுமா? ஆட்களைக் கேட்கவைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண் போடச் சொல்லிச் சராசரி எடுப்பதுதான் அடிப்படை முறை. 5 என்றால் மிக நன்று, 1 என்றால் மோசம். கருவிகள் போடும் மதிப்பெண்ணும் அந்த மனிதச் சராசரியை ஊகிக்கக் கற்பிக்கப்பட்டதே. அந்த 1 முதல் 5 வழிக்கு உரிய மதிப்பெண். ஆனால் அலுவலகத்தில் போனை எடுப்பவர் அதைப் பேசுகிற ஆளுக்குப் போட்டுவிடுகிறார்.

மிகையாகச் சொல்லவில்லை. எரின் நியூமனும் நோர்பர்ட் ஷ்வார்ட்ஸும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், விஞ்ஞானிகளின் ஒரே பேச்சை ஒரு குழுவுக்கு நல்ல ஒலியிலும் இன்னொரு குழுவுக்குக் கெட்ட ஒலியிலும் போட்டுக் காட்டினார்கள். சொல் ஒன்றுகூட மாறவில்லை. கெட்ட ஒலியில் கேட்டவர்கள் அந்த ஆராய்ச்சியையும் மட்டமாக மதிப்பிட்டார்கள், விஞ்ஞானியையும் மட்டமாக மதிப்பிட்டார்கள். படித்துப் பட்டம் பெற்ற விஞ்ஞானிக்கே இந்தக் கதி என்றால், மேட்டில் நின்று பேசும் அம்மாவை யார் காப்பாற்றுவது?

பேச்சு வழக்கும் சேர்ந்துகொண்டால் பாரம் இரட்டிப்பாகும். தொலைந்த ஒலியை நிரப்பும் திறன் மூளைக்கு உண்டு என்று ரிச்சர்ட் வாரன் 1970இல் காட்டினார். ஒரு வாக்கியத்தின் நடுவில் ஓர் எழுத்தின் ஒலியை முழுக்க வெட்டிவிட்டு அங்கே ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த எழுத்தும் விடுபடவில்லை என்றார்கள். ஆனால் இப்படி நிரப்ப, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். பழகிய வழக்கில் பேசுகிறவருக்குக் கேட்பவரின் மூளை தாராளமாக நிரப்பிக் கொடுக்கும். பழகாத வழக்கில் பேசுகிறவருக்கு அந்த உதவி கிடைக்காது. எம்.ஜி.ஆரின் மழுங்கிய சொற்களைத் தமிழ்நாடு முழுசாகக் கேட்டதற்கு அன்பு ஒரு காரணம். இன்னொன்று இது: அவர் குரல் எப்படி ஒலிக்கும் என்று இருபது ஆண்டுகளாகத் தெரிந்த காதுகள், விடுபட்டதைத் தாங்களே போட்டுக்கொண்டன. மேட்டில் நிற்கும் அம்மாவுக்காகப் போட்டுக்கொள்ள அந்த அலுவலகத்தில் யாரிடமும் எதுவும் இல்லை.

முகமும் காதில் புகுந்துவிடும். அமெரிக்காவில் டொனால்ட் ரூபின் 1992இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களுக்கு ஒரே ஆங்கிலப் பேச்சைப் போட்டார்கள், பேசியவர் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பெண். ஒரு குழுவுக்கு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் காட்டினார்கள், இன்னொரு குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படம். ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் இல்லாத அந்நிய உச்சரிப்பைக் கேட்டார்கள். பாடமும் அவர்களுக்குக் குறைவாகவே புரிந்தது.

இதைப் படித்தபோது என்னிடம் அனுப்பப்பட்ட குழந்தைகள் நினைவுக்கு வந்தார்கள். ‘பேச்சு தெளிவில்லை’ என்ற சீட்டோடு மலைக்கிராமத்துப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் சிலருக்கு உண்மையான சிரமம் இருக்கும். காதில் சீழ் வடிந்து கேட்கும் திறன் குறைந்தவர்கள், அண்ணப்பிளவால் மூக்கு வழியாகப் பேசுகிறவர்கள். அவர்களைச் சேலத்துக்கு அனுப்ப ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனால் வேறு சில பிள்ளைகளிடம் எல்லாச் சோதனையும் செய்து பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. காது சுத்தம், நாக்கு சுத்தம், ழகரம்கூட அழகாக வரும். அப்படி வந்த ஒரு பையனின் பாட்டியை உள்ளே கூப்பிட்டுப் பேசவைத்தேன். அதே நீட்டல், அதே நிறுத்தம். பையன் பாட்டியின் தமிழைப் பேசுகிறான், அவ்வளவுதான்.

சீட்டு எழுதிய ஆசிரியை நல்லவர். சமவெளியில் இருந்து புதிதாக வந்தவர், பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதே என்ற அக்கறையில்தான் எழுதினார். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தச் சீட்டு பையனின் கோப்பில் தங்கியிருந்தால் அவனுக்கு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. இத்தனைக்கும் மருந்து பெரிதாக ஒன்றுமில்லை. பழகாத உச்சரிப்பைத் தொடர்ந்து கேட்கவிட்டால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே காது பழகத் தொடங்குகிறது என்று கிளார்க், காரெட் என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அந்த ஒரு நிமிடத்தைக் குறுக்கே பேசாமல் கொடுத்தால் போதும்.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, குரலின் தரம் முழுக்கக் கேட்பவர் காதில்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். குரல் உண்மையிலேயே கெட்டால் அதன் விலையைக் கேட்பவரும் கொடுக்கிறார். ஏற்காட்டில் பள்ளிகள் அதிகம். சேக்ரட் ஹார்ட் 1894இல் இருந்து இருக்கிறது, மாண்ட்ஃபோர்ட் 1917இல் இருந்து. விடுதிப் பள்ளிகள், அரசுப் பள்ளிகள், உண்டு உறைவிடப் பள்ளிகள் என்று மலை முழுக்க ஆசிரியர்கள். என்னிடம் தொண்டை கட்டிக்கொண்டு வருகிறவர்களில் அவர்கள்தான் முதலிடம். தகரக் கூரையில் மழை அடிக்கும்போது தான் கத்துகிறோம் என்பதே ஒருவருக்குத் தெரியாது. சத்தத்துக்கு எதிரே குரல் தானாக உயரும் என்று பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911இலேயே எழுதினார். ஒரு பருவமழை முழுக்க அப்படிக் கத்தினால் குரல்மடிப்பில் காய்ப்பு விழும். இங்கிலாந்தில் ரோஜர்சனும் டாடும் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை ஆசிரியர்களுக்குத் தவறாமல் சொல்வேன். நல்ல குரலிலும் கெட்ட குரலிலும் வாசித்த பகுதிகளைக் கேட்ட பள்ளிப் பிள்ளைகள், குரல் லேசாகக் கெட்டிருந்தபோதே குறைவாகப் புரிந்துகொண்டார்கள். கரகரப்பைத் தாண்டிச் சொல்லைப் பிடிப்பதிலேயே பிள்ளையின் கவனம் செலவாகிவிடுகிறது, பாடத்துக்கு மிஞ்சுவது கொஞ்சம்.

ஒரு தலைவரின் கரகரப்பைக் கேட்கக் கூட்டம் ஆசையோடு வந்து நிற்கிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்த ஆசையும் கிடையாது, விடுபட்டதை நிரப்பிக்கொள்ளும் மொழி அனுபவமும் கிடையாது. அதனால் ஆசிரியர்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன். மழை அடிக்கும்போது பேசுவதை நிறுத்திவிட்டு எழுதவையுங்கள். சட்டையில் மாட்டும் சின்ன ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குடியுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் கரகரப்பு நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

குரல் பிறப்பதைப் பற்றி நம் தொல்காப்பியமே விரிவாகப் பேசுகிறது. உந்தியில் இருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடங்களில் பட்டு ஒலியாகிற விதத்தை எழுத்ததிகாரத்தில் படிக்கலாம். நானும் இந்த எட்டையும்தான் தினமும் சோதிக்கிறேன். ஆனால் என் படிவத்தில் ஐந்து கட்டங்களுக்குக் கீழே இப்போது மூன்று வரிகளைச் சேர்த்திருக்கிறேன்: குறை என்று கேட்டது யார்? எதன் வழியாகக் கேட்டார்? இந்த வழக்கோடு அவருக்குப் பழக்கம் உண்டா?

பாட்டியின் தமிழைப் பேசிய பையனின் படிவத்தில் அந்த வரிகள் இப்படி இருக்கின்றன. கேட்டவர்: வகுப்பாசிரியை. வழி: தகரக் கூரை வகுப்பறை, மழை நேரம். பழக்கம்: இல்லை. மேலே ஐந்து கட்டத்திலும் 0. அடியில், ‘சிகிச்சை தேவையில்லை. ஆசிரியையும் பாட்டியும் ஒரு மணி நேரம் சேர்ந்து பேச வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆசிரியை வந்தார். பேச்சு ஒரு மணி நேரத்தில் முடியவில்லை. பாட்டிக்குப் பேத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது, அவளும் அடுத்த ஆண்டு அதே வகுப்புக்குத்தான் வருகிறாள்.